மரம் எரிந்தது யார் கணக்கில்? – கேம் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றித்தான். இரண்டு அணிகள் மோதுகிற ஆன்லைன் கேமில் கதை எழுதுபவர்கள் யார் பக்கம் சாய்கிறார்கள், ஏன் எப்போதும் "எங்க பக்கம்" மட்டும் அடி வாங்குகிறது. எல்லாவற்றுக்கும் முடிந்தவரை வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டை வைத்தே பதில் சொல்கிறேன். 2004 நவம்பரில் தொடங்கி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிற கேம், இந்த விஷயத்தில் செய்யக்கூடிய நல்லது கெட்டது எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்ட கேம். விளையாடாதவர்களுக்கு ஒரு வரி: ஹோர்டு என்றால் ஆர்க், ட்ரோல், மாட்டுத்தலை டாரன், செத்துப் பிழைத்த ஃபர்சேகன் என்று ஒரு கூட்டம்; அலையன்ஸ் என்றால் மனிதர், குள்ளர், நோம், நைட் எல்ஃப். பிறகு இரண்டு பக்கமும் இனங்கள் சேர்ந்துகொண்டே போயின. எதிர்ப்பக்கத்துக்காரர் சாட்டில் எழுதுவது உங்களுக்கு உளறலாகத்தான் தெரியும், கேமே அப்படி மாற்றிக் காட்டும். பகை வளர இதைவிட என்ன வேண்டும்.

கே: பல வருடமாக நைட் எல்ஃப்தான் ஆடுகிறேன். 2018-ல் எங்கள் டெல்ட்ராசில் மரத்தை எரித்தார்கள். "நாங்களும்தான் ஃபர்சேகன் தலைநகர் அண்டர்சிட்டியை இழந்தோம், கணக்கு நேராகிவிட்டது" என்கிறான் ஹோர்டு நண்பன். நேராகிவிட்டதா? – தாம்பரம் வாசகர்

ப: ஆகவில்லை. உங்கள் நண்பர் ஊர்களை எண்ணுகிறார், ஆளுக்கு ஒன்று போயிற்று, சரிக்குச் சரி என்று. பாகப்பிரிவினைப் பத்திரத்திலும் ஆளுக்கு ஒரு ஏக்கர் என்றுதான் எழுதியிருக்கும். கிணறு யார் பக்கம் விழுந்தது என்று பார்த்தால்தான் அண்ணன் தம்பி ஏன் பேசிக்கொள்வதில்லை என்பது புரியும்.

நடந்ததைப் பாருங்கள். 'பேட்டில் ஃபார் அஸெரோத்' விரிவாக்கம் (கேமில் புதுக் கதையும் இடங்களும் சேர்க்கிற பெரிய தொகுப்பு) 2018 ஆகஸ்டில் வந்தது. அதற்கு முன்னோட்டமாக, ஜூலைக் கடைசியில் ஒரு போர். ஹோர்டுத் தலைவி சில்வானஸ் தன் படையை ஆஷன்வேல் காடு வழியாக டார்க்‌ஷோர் கடற்கரை வரை கொண்டுவருகிறாள். மரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளப் போகிறோம் என்றுதான் கிழட்டுத் தளபதி சௌர்ஃபாங் நம்பியிருக்கிறார். மரம் என்றால் வெறும் மரமில்லை, அதன் மேல் டார்னாசஸ் என்று ஒரு முழு நகரமே இருக்கிறது. கரையில் சாகக் கிடக்கும் ஒரு எல்ஃப் வீராங்கனையோடு நடக்கிற பேச்சு முற்றி, சில்வானஸ் எரிக்கச் சொல்லிவிடுகிறாள். அவ்வளவுதான்.

இதற்கு அலையன்ஸ் ஆட்டக்காரருக்குக் கிடைத்த குவெஸ்ட், அதாவது கேம் கொடுக்கிற வேலை, என்ன? எரிகிற நகரத்துக்குள் போய், நேரம் முடிவதற்குள் முடிந்தவர்களைக் காப்பாற்று. எவ்வளவு வேகமாக ஓடினாலும் எல்லாரையும் காப்பாற்ற முடியாத மாதிரிதான் அதை அமைத்திருந்தார்கள். தீயை அணைத்து ஒருவரை அனுப்பிவிட்டுத் திரும்பினால் பக்கத்தில் இன்னும் பத்துப் பேர், திரையில் நேரம் ஓடுகிறது, எண்ணிக்கை நகரவே மாட்டேன் என்கிறது. கதை சொல்லும் உத்தியாக இது பிரமாதம். ஆனால் இவ்வளவு ஆழமாகக் குத்திவிட்டு அதற்கு ஈடாக என்ன தரப்போகிறார்கள் என்ற கேள்வி அந்த நிமிடத்திலேயே தொடங்கிவிட்டது.

ஈடாகத் தந்ததுதான் அண்டர்சிட்டி முற்றுகை. அலையன்ஸ் படை வருகிறது, சில்வானஸ் நச்சுப்புகையைத் திறந்துவிடுகிறாள், அது சொந்தப் படையையும் சேர்த்துத்தான் தின்கிறது. கடைசியில் அலையன்ஸின் இளைய ராஜா, ஆண்டுவின் என்பவன், அவள் சிம்மாசன அறை வரைக்கும் வந்துவிடுகிறான். உடனே தன் நகரத்தைத் தானே நச்சில் மூழ்கடித்துவிட்டுப் பறந்துவிடுகிறாள். இரண்டு நகரங்களையும் அழித்தது ஒரே ஆள், அதுவும் ஹோர்டுத் தலைவி. அலையன்ஸுக்கு வெற்றி கிடைக்கவில்லை, உள்ளே காலெடுத்து வைக்க முடியாத ஒரு நச்சுக்கிடங்கு கிடைத்தது. ஹோர்டுக்கோ எதிரியிடம் போராடித் தோற்றோம் என்கிற மரியாதைகூட இல்லை. உங்கள் நண்பரும் உங்களைப் போலவே ஏமாந்தவர்தான், அதைக் கணக்கு சொல்லி மறைக்கிறார்.

இன்னொன்றும் அவர் பக்கத்து நியாயம். மரத்தை எரிக்க மாட்டேன் என்று சொல்ல ஹோர்டு ஆட்டக்காரருக்கு வழியே இல்லை. "நாங்கள் மானத்துக்காகச் சண்டை போடும் கூட்டம்" என்று நம்பி இத்தனை வருடம் ஆடியவன் கையில் தீப்பந்தத்தைத் திணித்துவிட்டு, அப்புறம் "நீ வில்லன்" என்றால் அவனுக்குக் கோபம் வராதா? சௌர்ஃபாங்கை வைத்து அந்தக் கோபத்துக்கு ஒரு வாசல் திறந்தார்கள். சண்டைக்கு முந்தின இரவு கோட்டைச் சுவரில் நின்று அவர் ஒரு சின்னப் பையன் ட்ரோலோடு பேசுகிற படக்காட்சியைப் பார்த்த பிறகு "என் அணியிலும் இதை வெறுக்கிற ஒருத்தர் இருக்கிறார்" என்ற நிம்மதி ஹோர்டுக்காரர்களுக்குக் கிடைத்தது. அது மட்டும் இல்லையென்றால் அந்த விரிவாக்கமே கவிழ்ந்திருக்கும் என்பது என் கணிப்பு.

உங்கள் நைட் எல்ஃப்களுக்குப் புது மரம், அமிர்ட்ராசில், 2023 நவம்பரில்தான் வந்தது. கதையாகப் பார்த்தால் அழகாக இருந்தது. ஆனால் ஐந்து வருடத்துக்கும் மேல் சந்தா கட்டிக்கொண்டு காத்திருக்க வைப்பதை ஈடு என்று சொல்ல முடியாது, தாமதமாக வந்த காசோலை என்று வேண்டுமானால் சொல்லலாம். அலையன்ஸில் பிறகு சேர்ந்த ஓநாய் மனிதர்களான வார்கன் இனத்தாரைக் கேளுங்கள், அவர்கள் கதை 2010-ல் தொடங்கியதே சொந்த ஊரான கில்னியஸை இழப்பதில்தான். ஊர் கைக்குத் திரும்பியது 2024 ஜனவரியில். அவர்கள் முன்னால் நீங்கள் குறைபட்டுக்கொள்ளக் கூடாது.

கே: நீங்கள் ஹோர்டா, அலையன்ஸா? மழுப்பாமல் சொல்லவும். – விருதுநகர் வாசகி

ப: ஒரு டாரன், ஒரு குள்ளன். சந்தா ஒன்றுதான், பகை வீட்டுக்குள்ளேயே.

கே: ஒரே சம்பவத்தை இரண்டு அணிக்கும் சொல்லும்போது யாராவது ஒரு பக்கம் தப்பாகத்தானே தெரியும்? இரண்டு பேரையும் நியாயமானவர்களாக எழுத முடியுமா? – கோவை கல்லூரி மாணவர்

ப: முடியும். அந்த கேமிலேயே ஒரு தடவை கச்சிதமாகச் செய்திருக்கிறார்கள். 2016 ஆகஸ்டில் வந்த 'லீஜன்' விரிவாக்கத்தின் தொடக்கம், புரோக்கன் ஷோர் என்கிற கடற்கரைச் சண்டை. பேய்ப்படை உலகத்துக்குள் வந்துவிட்டது, இரண்டு அணியும் சேர்ந்து எதிர்க்கப் போகின்றன. அலையன்ஸ் படை கீழே பள்ளத்தில். ஹோர்டுப் படை பக்கத்துப் பாறை முகட்டில், மேலிருந்து அம்பு விட்டுக் கீழே இருப்பவர்களுக்குக் காவல்.

அலையன்ஸில் ஆடினால் நீங்கள் பார்ப்பது இது. ராஜா வேரியனோடு சேர்ந்து சண்டை போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். திடீரென்று மேலே கொம்பு ஊதுகிற சத்தம். நிமிர்ந்து பார்த்தால் ஹோர்டு பின்வாங்கிப் போகிறது, ஒரு வார்த்தை சொல்லாமல். தனியாக மாட்டிக்கொண்ட வேரியன் தன் ஆட்களைப் பறக்கும் கப்பலில் ஏற்றுகிறார், மகனுக்கு எழுதிய கடிதத்தை வார்கன் ராஜா கென் கையில் கொடுக்கிறார், கப்பலைப் பிடித்து இழுக்கிற ராட்சதன் மேல் தானே குதிக்கிறார். கப்பல் தப்பிவிடுகிறது, அவர் செத்துப் போகிறார். சில்வானஸைச் சும்மா விடக்கூடாது என்று உங்களுக்குத் தோன்றினால் தப்பே இல்லை.

அதே சண்டையை ஹோர்டில் ஆடிப் பாருங்கள். முகட்டில் நிற்கிறீர்கள், கீழே அலையன்ஸ் நன்றாகத்தான் முன்னேறுகிறது. உங்களுக்குப் பின்னாலிருந்து பேய்கள் கொத்துக் கொத்தாக வருகின்றன. தலைவர் வோல்ஜினை ஈட்டி துளைக்கிறது. ஹோர்டு இன்று இங்கே அழிந்துவிடக் கூடாது என்று சில்வானஸிடம் சொல்லிச் சாய்கிறார். அவள் கொம்பை எடுத்து ஊதுகிறாள். அதே கொம்பு. கீழே இருப்பவர்களுக்கு என்ன ஆகிறது என்று பார்க்க உங்களுக்கு நேரமும் இல்லை, உங்கள் தலைவரே போய்க்கொண்டிருக்கிறார்.

எந்தப் பக்கத்துக்கும் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். நிற்கிற இடத்தை மட்டும் மாற்றினார்கள், அங்கிருந்து எது தெரியுமோ அது தெரிந்தது. பள்ளத்தில் இருப்பவனுக்கு முகட்டின் பின்புறம் தெரியாது, அவ்வளவுதான் சூட்சுமம். ஹோர்டும் தலைவரை இழந்தது, அலையன்ஸும் ராஜாவை இழந்தது, அந்த எண்ணிக்கை ஒத்துப்போவது ஒரு சௌகரியம்தான். ஆனால் அதனால் அது வேலை செய்யவில்லை. பிறகு ஸ்டார்ம்ஹைம் என்கிற பகுதியில் கென் ஹோர்டுக் கப்பல்கள் மேல் பாய்கிறபோது அலையன்ஸ் ஆட்டக்காரர் கைதட்டுகிறார், ஹோர்டு ஆட்டக்காரர் "நாங்கள் என்னய்யா செய்தோம்" என்கிறார். ஒருவர்கூட நடிக்க வேண்டியதில்லை, இரண்டு பேரும் நிஜமாகவே அப்படி நினைக்கிறார்கள். கதை எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன சம்பளம்.

2019 ஜனவரியில் டாசராலோர் ரெய்டில் (ரெய்டு என்றால் பெரிய கூட்டமாகச் சேர்ந்து ஆடுகிற சண்டைத் தொடர்) இதை இன்னும் ஒரு படி தள்ளிப் பார்த்தார்கள். ஹோர்டின் கூட்டாளிகளான ஸண்டலாரி ட்ரோல்களின் தலைநகரை அலையன்ஸ் தாக்குகிறது, அப்புறம் ஹோர்டு திருப்பித் துரத்துகிறது. ஒரே ரெய்டு, இரண்டு அணிக்கும். நடுவில் உங்கள் கதாபாத்திரமே எதிரணி உருவத்துக்கு மாறிவிடும். அலையன்ஸ்காரருக்குக் கடைசிப் பகுதியில் ஹோர்டுத் தோல், ஹோர்டுக்காரருக்கு நடுப்பகுதியில் அலையன்ஸ் தோல், மற்றவர்கள் சொல்லக் கேட்ட கதைக்குள் நீங்கள் போய் நிற்பது மாதிரி. யோசனை நல்ல யோசனை. ஆனால் பாருங்கள், அந்த ட்ரோல்களின் ராஜா ராஸ்டகானை அலையன்ஸ் கொன்றுவிடுகிறது, ஹோர்டு துரத்திப் போன அலையன்ஸ் மந்திரக்காரி ஜெய்னா தப்பிவிடுகிறார். கோணத்தைச் சமமாகப் பங்கிட்டுவிட்டு முடிவைப் பங்கிட மறந்துவிட்டார்கள். எங்கள் கூட்டாளி ராஜா செத்துப் போனார், அவர்கள் ஆள் மட்டும் கடலில் தப்பித்தாரா என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

கே: கதாசிரியர்களுக்கு ஹோர்டுதான் செல்லப்பிள்ளை என்று எங்கள் கில்டில் (சேர்ந்து ஆடுகிற குழுவில்) எல்லாரும் சொல்கிறார்கள். ஹில்ஸ்பிராட் பகுதியையே தூக்கிக் கொடுத்துவிட்டார்களே? – சேலம் வாசகர்

ப: 2010 டிசம்பரில் 'கேட்டக்ளிசம்' வந்து பழைய வரைபடத்தையே மாற்றியபோது சவுத்‌ஷோர் என்கிற அலையன்ஸ் ஊர் ஃபர்சேகனின் நச்சில் போய்விட்டது, ஹில்ஸ்பிராட் முழுக்க ஹோர்டுக் குவெஸ்டாகிவிட்டது, உண்மைதான். அதற்கு முன்னால் சவுத்‌ஷோருக்கும் ஹோர்டு ஊரான டேரன் மில்லுக்கும் நடுவில் யாரும் சொல்லாமலே ஆட்டக்காரர்கள் மணிக்கணக்காக அடித்துக்கொள்வார்கள், அந்த நினைவோடு போய்ப் பார்த்தவர்களுக்கு வயிறு எரிந்தது. ஆனால் அதே சமயம் பாரன்ஸில் கேம்ப் டவ்ராஹோ என்கிற டாரன்களின் வேட்டை முகாமை அலையன்ஸ் படை எரித்துப் போட்டது. சின்ன லெவலில் அங்கேதான் பாதிப் பேர் தோல் உரிக்கக் கற்றுக்கொண்டார்கள். உங்கள் கில்டில் யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

எனக்குத் தெரிந்து சாய்வு ஊர்களில் இல்லை, வேறு இடத்தில் இருக்கிறது. ஹோர்டு ஏதாவது செய்யும், அலையன்ஸ் அதற்குப் பதில் செய்யும். பெரும்பாலான விரிவாக்கங்களில் இதுதான் வண்டி ஓடும் முறை. ஹோர்டில் தலைவர் மாறுவதே ஒரு கதை, த்ரால் போய் காரோஷ், காரோஷ் போய் வோல்ஜின், அப்புறம் சில்வானஸ், கடைசியில் தலைவரே வேண்டாம் சபை போதும் என்று வந்து நின்றார்கள். உள்குத்து, துரோகம், கலகம் எல்லாம் அங்கே. அலையன்ஸில் அப்பா இறந்தால் மகன் வருவான், எல்லாரும் ஒற்றுமையாக வருத்தப்படுவார்கள். ஆக ஹோர்டுக்காரருக்குக் கதை நிறைய, அவமானமும் நிறைய. அலையன்ஸ்காரருக்கு நல்ல பெயர் உண்டு, வேலைதான் இல்லை. இரண்டு பேருமே எதிர்வீட்டைப் பார்த்துப் பொறாமைப்படுகிறார்கள். அலையன்ஸை ஒரு தடவையாவது முதலில் அடிக்க விட்டிருக்க வேண்டும், அடித்த பிறகு அதற்காக அவர்கள் வெட்கப்படவும் விட்டிருக்க வேண்டும் என்பது என் கட்சி.

கே: ஒவ்வொரு தடவையும் கடைசியில் பொது எதிரி ஒருவன் வந்து இரண்டு அணியும் கைகோத்துவிடுகிறது. இதற்கு எதற்கு இவ்வளவு பகை? – பாண்டிச்சேரி வாசகர்

ப: அலுப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் காரணம் கதையில் இல்லை, பட்ஜெட்டில். ஒரு ரெய்டு கட்ட எத்தனையோ பேர் மாதக்கணக்கில் உழைக்க வேண்டும். ஹோர்டுக்கு ஒன்று, அலையன்ஸுக்கு ஒன்று என்று கட்டினால் ஒவ்வொரு ஆட்டக்காரரும் பாதியைத்தான் பார்ப்பார். அதனால் கடைசி எதிரி இரண்டு பேரும் அடிக்கக்கூடிய ஆளாக இருந்தே ஆக வேண்டும். இந்த ஒரு நெருக்கடிதான் கதையை வளைக்கிறது.

2013 செப்டம்பரில் வந்த, ஹோர்டுத் தலைநகரான ஆர்க்ரிமாரின் முற்றுகையைப் பாருங்கள். அதற்கு முந்தின வருடம் காரோஷ் தெரமோர் ஊரின் மேல் மாயக்குண்டு போட்டு அழித்தான். ஜெய்னா அந்த ஊரின் தலைவி, ஹோர்டோடு சமாதானம் பேசிக்கொண்டிருந்தவர், மொத்தமாக மாறிவிட்டார். அந்தக் கணக்கைத் தீர்க்க எதிரியின் தலைநகருக்குள்ளேயே நுழையப் போகிறோம் என்று அலையன்ஸ்காரர்கள் எவ்வளவு ஆசையாக இருந்திருப்பார்கள்? ஆனால் ஹோர்டுக்காரரும் அதே ரெய்டை ஆட வேண்டுமே. அதனால் காரோஷ் ஹோர்டுக்கும் துரோகி என்று ஆக்கப்பட்டான், வோல்ஜின் கலகம் செய்தார், இரண்டு அணியும் சேர்ந்து போய் அவனை வீழ்த்தின. முடிவில் ஜெய்னா ஹோர்டைக் கலைத்துவிடச் சொல்கிறார், வேரியன் எச்சரித்து விட்டுவிடுகிறார். தலைநகரைப் பிடித்த படை எச்சரித்துவிட்டு வீட்டுக்குப் போகிறது. ஏனென்றால் மறுநாள் காலை ஹோர்டுக்காரர்கள் ஏலக்கடைக்குப் போக ஆர்க்ரிமார் இருந்தாக வேண்டும்.

பழைய முறை ஒன்று எனக்கு இதைவிடப் பிடிக்கும். 2006 ஜனவரியில் ஆன்கிராஜ் கோட்டைக் கதவைத் திறக்க, ஒவ்வொரு சர்வரிலும் இரண்டு அணியும் தனித்தனியாகக் கட்டுத்துணி, செம்புக்கட்டி, சமைத்த சாப்பாடு என்று மலை மலையாகச் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருந்தது. கைகோக்கவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை, பேசக்கூட முடியாது. போகிற வழியில் எதிரணிக்காரன் சிக்கினால் அடிக்கலாம். ஆனால் அவன் பங்கு நிறையாமல் உன் கதவும் திறக்காது. ஒரு வசனம்கூட இல்லாமல் இரண்டு பக்கத்தையும் ஒரே கதைக்குள் கொண்டுவந்த விதம் அது.

கே: கதையை விடுங்கள். ஆட்கள் எல்லாம் ஒரே பக்கம் போய்விட்டால் கதை எவ்வளவு சமமாக இருந்து என்ன? – திருப்பூர் வாசகர்

ப: சரியான இடத்தில் கை வைத்தீர்கள். ஆட்கள் கதைக்காகப் பக்கம் மாறுவது குறைவு. நண்பன் எங்கே இருக்கிறானோ அங்கே போவார்கள், இல்லாவிட்டால் எந்த இனத்தின் பிறவித் திறமை சண்டைக்குக் கைகொடுக்கிறதோ அதற்கு மாறுவார்கள். முகம் அழகாக இருந்தால் அதுவும் ஒரு காரணம். 2007 ஜனவரிக்கு முன் ஹோர்டில் அழகான முகமே கிடையாது, பிளட் எல்ஃப் இனம் வந்ததும் அந்தப் பக்கம் கூட்டம் சேர்ந்தது. அதுவரை பாலடின் என்கிற வீரர் வகை அலையன்ஸுக்கு மட்டும், ஷாமன் வகை ஹோர்டுக்கு மட்டும் என்று இருந்ததும் அப்போதுதான் போயிற்று. அணிக்கு அணி வித்தியாசமாக இருந்த ஒரு நல்ல அம்சம் போனதில் எனக்கு வருத்தம், ஆனால் ரெய்டு கட்டுகிறவர்களுக்கு நிம்மதி.

பிற்காலத்தில் கடினமான ரெய்டு ஆடும் பெரிய கில்டுகள் ஹோர்டில் குவிய, பின்னாலேயே மற்றவர்களும் போக, அலையன்ஸில் ரெய்டுக்கு ஆள் தேடுவதே வேலையாகிவிட்டது. 2018-ல் வார் மோட் (வெளி உலகத்தில் எதிரணியோடு சண்டை வேண்டுமென்றால் போட்டுக்கொள்கிற வசதி) வந்த பிறகு எண்ணிக்கை குறைந்த பக்கத்துக்குக் கூடுதல் போனஸ் கொடுத்துப் பார்த்தார்கள். கடைசியில் 2022 மே 31-ம் தேதி வந்த அப்டேட்டில் இரண்டு அணிக்காரரும் சேர்ந்து டஞ்சன் (சின்னக் குழுவாக ஆடுகிற சண்டைக்களம்), ரெய்டு போகலாம் என்று கதவைத் திறந்தார்கள், அடுத்த வருடம் கில்டும் பொதுவாயிற்று. அதில் எனக்குப் பிடித்த ஒரு நுணுக்கம்: டஞ்சனுக்குள் தோழர்கள், வெளி உலகத்தில் அப்போதும் பழைய முறைப்புதான். பதினேழு வருடப் பகையை ஒரே அறிக்கையில் ரத்து செய்யாமல், அது ஆட்டத்துக்கு இடைஞ்சலாக இருக்கிற இடத்தில் மட்டும் வெட்டினார்கள்.

கே: இரண்டுக்குப் பதில் மூன்று அணி வைத்தால் பிரச்சினை தீராதா? – யாழ்ப்பாணம் வாசகர்

ப: சண்டைக்குத் தீரும், கதைக்குப் பெருகும். 2001-ல் வந்த டார்க் ஏஜ் ஆஃப் கேமலாட்டில் ஆல்பியன், மிட்கார்ட், ஹைபெர்னியா என்று மூன்று நாடு. ஒன்று பலத்தால் ஓங்கினால் மற்ற இரண்டும் சொல்லிவைக்காமலே அதன் மேல் பாயும், யாரும் உட்கார்ந்து சமன் செய்ய வேண்டியதில்லை. 2014-ல் வந்த எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைனும் மூன்று அணிதான். ஆனால் கதை என்று வந்தால் மூன்று மடங்கு எழுத வேண்டும். அவர்கள் செய்த தந்திரம், முதன்மைக் கதையை முடித்த பிறகு கேட்வெல் என்கிற கோமாளி வீரன் வந்து, மற்ற இரண்டு அணிகளின் கதையையும் நீ ஆடிப் பார் என்று அனுப்பிவிடுவான். 2016 அக்டோபரில் அந்தத் தடுப்பையும் எடுத்துவிட்டு யாரும் எங்கும் போகலாம் என்று ஆக்கிவிட்டார்கள். அணிச்சண்டை சிரோடில் போர்க்களத்தில் மட்டும் மிச்சம். நல்ல ஏற்பாடு. ஆனால் எல்லாரையும் எல்லா இடத்துக்கும் விட்ட பிறகு "எங்க ஊர்" என்கிற வெறி குறைந்துவிடுகிறது, டெல்ட்ராசிலுக்காக அழுத மாதிரி அங்கே யாரும் எதற்கும் அழுது நான் பார்க்கவில்லை.

கே: வீட்டில் அண்ணன் ஹோர்டு, தம்பி அலையன்ஸ். சாப்பாட்டு மேசையிலும் சண்டை. என்ன செய்ய? – நாகர்கோவில் அம்மா

ப: ஒரு வாரம் கதாபாத்திரங்களை மாற்றிக்கொண்டு ஆடச் சொல்லுங்கள். சண்டை நிற்காது, ஆனால் வாதங்கள் தரமாக இருக்கும்.

கே: நண்பர்கள் சேர்ந்து எழுத்து வடிவிலேயே ஒரு சின்ன ஆன்லைன் கேம் நடத்துகிறோம். மலைக்காரர், துறைமுகக்காரர் என்று இரண்டு அணி. எது எழுதினாலும் ஒரு பக்கம் "எங்களை மட்டம் தட்டிவிட்டீர்கள்" என்கிறார்கள். எப்படிச் சரிக்கட்டுவது? – பினாங்கு வாசகர்

ப: முதலில், புகார் வருவது நல்லது, யாரோ தன் பக்கத்தை நம்புகிறார்கள் என்று அர்த்தம். இரண்டு பக்கமும் வாய் திறக்கவில்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும்.

யார் எத்தனை தடவை ஜெயித்தார்கள் என்று அட்டவணை போடாதீர்கள். அதற்குப் பதில் சம்பவம் நடந்ததை ஒரு தாளில் முழுசாக எழுதுங்கள், மணிக்கு மணி, யார் எங்கே நின்றார், என்ன பார்த்தார். அந்தத் தாளை ஆட்டக்காரர்களுக்குக் காட்டக் கூடாது. மலைக்காரருக்கு மலையிலிருந்து தெரிவதை மட்டும் எழுதுங்கள், துறைமுகக்காரருக்குப் படகிலிருந்து தெரிவதை. பொய் ஒரு வரிகூட வேண்டாம். நாளைக்கு இரண்டு பேரும் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்தால் எல்லாம் பொருந்த வேண்டும், பொருந்தியும் இரண்டு பேரும் தாங்கள்தான் சரி என்று எழுந்து போக வேண்டும்.

ஒரு பக்கம் மோசமான காரியம் செய்யப் போகிறது என்றால் அதை ஆட்டக்காரர் கையால் செய்ய வைக்காதீர்கள். தலைவன் செய்யட்டும். செய்ய வைத்தே ஆக வேண்டும் என்றால் மறுக்க ஒரு வழி வையுங்கள், மறுத்தவனுக்கு அதன் பிறகு ஏதாவது வித்தியாசம் தெரியட்டும். சில்வானஸ் பக்கமா சௌர்ஃபாங் பக்கமா என்று ஹோர்டுக்காரர்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள், இரண்டு சாலையும் ஆர்க்ரிமார் வாசலில் அதே ஒற்றைச் சண்டையில்தான் போய் முடிந்தது, கொஞ்சம் வசனம் மட்டும் மாறியது. சின்ன கேமில் இதைவிட நன்றாகச் செய்யலாம், உங்களுக்கு லட்சக்கணக்கான ஆட்டக்காரர்கள் இல்லை, மறுத்த நாலு பேருக்குத் தனியாக ஒரு அத்தியாயம் எழுதலாம்.

ஊரை அழிக்காதீர்கள். குறிப்பாகப் புது ஆள் முதல் நாள் கண் விழிக்கிற ஊரை. எரிகிற காட்சி எழுத ஒரு சாயங்காலம் போதும், அதனால் எல்லாருக்கும் ஆசை வரும். பாலத்தை உடையுங்கள், கப்பலை மூழ்கடியுங்கள், சந்தையை எதிரி பிடிக்கட்டும், இவற்றை எல்லாம் திருப்பி வாங்கலாம். திருப்பி வாங்குகிற கதையை எப்போது தரப்போகிறீர்கள் என்பதையும் இழக்கிற கதையை எழுதுகிற அன்றே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அப்புறம் எல்லா வெற்றியும் அடுத்தவன் தோல்வியாகவே இருக்க வேண்டாம். மலைக்காரர் ஒரு வெள்ளிச் சுரங்கத்தைக் கண்டுபிடிக்கட்டும், அதனால் துறைமுகக்காரருக்கு ஒன்றும் குறையாமல் இருக்கட்டும். பொறாமை தானாக வரும், அதற்கு நீங்கள் மெனக்கெட வேண்டியதில்லை.

முடிந்தால் இரண்டு பக்கத்தையும் ஒரே ஆள் எழுத வேண்டாம். ஒரே ஆள்தான் கிடைப்பார் என்றால், மலைக்கார அத்தியாயத்தைப் போடும் முன் துறைமுக அணியில் வாய் அதிகமுள்ள ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். "எங்களை ரொம்பக் கெட்டவர்களாகக் காட்டியிருக்கிறீர்கள்" என்று சொன்னால் அப்படியே போடலாம். "இதில் நாங்கள் எதற்காக வந்தோம் என்றே தெரியவில்லையே" என்று சொன்னால் நிறுத்தி வைத்துத் திருத்துங்கள்.